போர் முடியவில்லை, அதற்குள் சர்ச்சிலை வீட்டுக்கு அனுப்பினார்களே, அது நன்றிகெட்டத்தனமா?

மேலமாசிவீதி:

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர், எனக்கு மாமா முறை. போர் நடக்கும்போது ஆளும் கட்சியை மாற்றவே கூடாது, மாற்றினால் எதிரிக்குத்தான் கொண்டாட்டம் என்று அடித்துப் பேசுகிறார். நான் 1945 பிரிட்டனைக் காட்டினேன். அதற்கு அவர், “அது நன்றிகெட்ட ஜனம், காப்பாற்றினவனையே விரட்டின கூட்டம், அதைப் போய் உதாரணம் சொல்கிறாயே” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். குழுவில் எல்லோரும் கைதட்டல் பொம்மை போடுகிறார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1945 மே 8-ல் ஐரோப்பாவில் போர் முடிந்தது. ஜூலை 5-ல் பிரிட்டனில் தேர்தல், ஜூலை 26-ல் முடிவு, சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு மரண அடி. ஆனால் அன்றைக்கு ஜப்பான் சரணடையவில்லை. பர்மாவில் சண்டை ஓயவில்லை, மலாயா இன்னும் ஜப்பான் கையில் இருந்தது, ஹிரோஷிமாவில் குண்டு விழ இன்னும் 11 நாள் பாக்கி. ஆகவே போர்க்காலத் தேர்தல் என்றுதான் சொல்ல வேண்டும்.

காரணங்களை எங்காவது படித்துக்கொள்வேன். எனக்கு வேண்டியது வேறு. அந்த முடிவைக் கேட்டு யார் யார் என்ன செய்தார்கள்? சர்ச்சில் எப்படி எடுத்துக்கொண்டார், ஜெயித்தவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், படைவீரர்கள், நம் ஊர்த் தலைவர்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாமாவை மடக்க ஏதாவது சிக்கினால் இன்னும் சந்தோஷம்.


பழைய பேப்பர்:

முதலில் ஒரு விஷயம். ஓட்டுப் போட்டது ஜூலை 5, எண்ணியது ஜூலை 26. இடையில் மூன்று வாரம் பெட்டிகள் பூட்டியே கிடந்தன. வெளிநாட்டில் இருக்கும் படையினரின் ஓட்டு வந்து சேர வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்த மூன்று வாரமும் ஒருவருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் எல்லோரும் சர்ச்சில்தான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். எதிர்த்து நின்ற லேபர் (தொழிற்கட்சி) கட்சிக்காரர்களே பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

இதற்கு நடுவே ஜூலை 17-ல் ஜெர்மனியில், ஜெயித்த நாடுகளின் தலைவர்கள் கூடிய போட்ஸ்டாம் மாநாடு தொடங்கிவிட்டது. சர்ச்சில் தன்னோடு எதிர்க்கட்சியான லேபரின் தலைவர் அட்லியையும் அழைத்துக்கொண்டு போனார். முடிவு எப்படி வந்தாலும் பேச்சுவார்த்தை அறுந்துவிடக் கூடாது என்ற கணக்கு. இதை மாமாவிடம் முதலில் சொல்லுங்கள். ஜூலை 25-ல் இரண்டு பேரும் லண்டன் திரும்பினார்கள், ஓட்டு எண்ணிக்கைக்காக. 28-ல் அட்லி மட்டும் பிரதமராகத் திரும்பிப் போனார், கூட வெளியுறவு மந்திரியாக அந்தோணி ஈடனுக்குப் பதில் எர்னஸ்ட் பெவின். மேஜை அதேதான், பிரிட்டிஷ் தரப்பு அதிகாரிகளும் பெரும்பாலும் அதே ஆட்கள். ஸ்டாலினின் ஆட்களுக்குத்தான் தலை சுற்றியது. ஆட்சியில் இருப்பவர் தேர்தல் நடத்தித் தோற்பது என்றால் என்ன என்றே அவர்களுக்குப் பிடிபடவில்லை.

26-ஆம் தேதி காலை சர்ச்சில் குளித்துக்கொண்டிருந்தபோது முதல் முடிவுகள் வந்தன. போர் முழுக்க எந்தப் படை எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்துக் காட்டிய அதே அறையில், அதே கடற்படை அதிகாரி, அன்றைக்குத் தொகுதி முடிவுகளைக் காட்டும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். சர்ச்சில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, குண்டுவீச்சுக் காலத்தில் அணிந்த அந்த நீலநிற ஒற்றை உடுப்பை மாட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்குள் எல்லாம் தெளிவாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் மனைவி கிளமென்டைன், இது மறைமுகமாக வந்த நல்லதாகக்கூட இருக்கலாம் என்று ஆறுதல் சொன்னார். அதற்கு இவர், அப்படியானால் இப்போதைக்கு அது ரொம்ப நன்றாகவே மறைந்திருக்கிறது என்றார். இதை அவரே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

உங்கள் மாமாவின் “நன்றிகெட்ட” என்ற வார்த்தையை அன்றைக்கே ஒருவர் சர்ச்சில் முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய மருத்துவர் மோரன் பிரபு. சர்ச்சில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிச் சொல்ல மாட்டேன், ஜனங்கள் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டார்கள் என்றார். தோற்றவரே சொல்லாத பழியை நாம் ஏன் சுமத்துவானேன்?

சாயங்காலம் ஏழு மணிக்கு அரண்மனைக்குப் போய் ராஜினாமா கொடுத்தார். அரை மணி நேரத்தில் அட்லி போனார், மனைவி வயலட் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு வர. அட்லியும் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் இருவருமே பேச்சு வராத ஆட்கள். ரொம்ப நேரம் இருவரும் சும்மா நின்றார்களாம். கடைசியில் அட்லி “நான் தேர்தலில் ஜெயித்துவிட்டேன்” என்றாராம், மன்னர் “தெரியும், ஆறு மணி செய்தியில் கேட்டேன்” என்றாராம். உண்மையோ கட்டுக்கதையோ, அட்லியைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது நடந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

இன்னொரு கதையும் உண்டு. சவாய் ஹோட்டலில் ஒரு சீமாட்டி, “லேபர் ஆட்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், நாடு இதைப் பொறுக்கவே பொறுக்காது” என்று அலறினாராம்.


டீக்கடை பெஞ்ச்:

நீங்கள் எல்லாம் ரொம்ப இளகி எழுதுகிறீர்கள். நான் மாமா கட்சி. 1940-ல் ஐரோப்பா முழுக்க ஹிட்லர் காலில் கிடந்தபோது சமாதானம் பேசலாம் என்று மந்திரிசபைக்குள்ளேயே முனகினவர்கள் இருந்தார்கள், வேண்டாம் என்று நின்றவர் இவர். ஐந்து வருஷம் கழித்து வேலை முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். இதற்கு வேறு என்ன பெயர்?

ஒன்றும் தெரியாமல் பேசவில்லை. படையில் 1941 முதல் வாராவாரம் நாட்டு நடப்பு வகுப்பு என்று ஒன்று நடத்தினார்கள், இளம் அதிகாரிகள் சிப்பாய்களை உட்காரவைத்துப் பேச வேண்டும். அதற்குத் துண்டுப் பிரசுரம் தயாரித்தவர்களில் இடதுசாரி வாத்தியார்கள் நிறைய. பையன்களின் மனதை அங்கே மாற்றிவிட்டார்கள் என்று கன்சர்வேட்டிவ்கள் அப்போதே புலம்பினார்கள். சிப்பாய் ஓட்டு மொத்தமாக லேபருக்கு விழுந்தது. அதோடு ஜப்பான் போர் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் தலைவரை மாற்றியது சூதாட்டம். குண்டு வந்து காப்பாற்றியது, அவ்வளவுதான். கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை:

பெஞ்ச் அண்ணே, சிப்பாய் ஓட்டு என்று ஆரம்பித்தீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். படையினர் போட்டது சுமார் 17 லட்சம் ஓட்டு. பர்மா மாதிரி தூரத்தில் இருந்தவர்களுக்கு ஊரில் இருக்கும் பெண்டாட்டியோ அப்பாவோ பதிலாகப் போட்டார்கள், சிப்பாய் யார் என்று குறித்தாரோ அவர்தான் போட வேண்டும். லேபருக்குக் கிடைத்த மொத்த ஓட்டு ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம். கன்சர்வேட்டிவும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து 1 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் 20 லட்சம். அந்த 17 லட்சத்தையும் அப்படியே லேபர் கணக்கிலிருந்து கழித்துத் தூரப் போட்டால்கூட லேபர்தான் முன்னால். வகுப்பெடுத்து மனதை மாற்றிவிட்டார்கள் என்ற கதை இந்த ஒரு கழித்தலுக்கே தாங்காது. அத்தைகளும் சித்திகளும் பேக்டரித் தொழிலாளிகளும் போட்ட ஓட்டு அது.

வகுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 1942 டிசம்பரில் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. பிறப்பிலிருந்து சாவு வரை அரசாங்கக் காப்பீடு, எல்லோருக்கும் மருத்துவம், பிள்ளைகளுக்கு உதவித்தொகை. ஒரு அரசாங்க அறிக்கையை வாங்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், 6 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அதன் சுருக்கத்தைப் படையினருக்கு அச்சடித்து அனுப்பினார்கள், போன வேகத்தில் போர் அலுவலகம் திரும்ப வாங்கிவிட்டது. அப்போது அந்தத் துறை மந்திரி ஜேம்ஸ் கிரிக். சிப்பாய்க்கு என்ன தோன்றியிருக்கும்? எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று சொல்லிக் கொடுப்பார்கள், ஆனால் சண்டை முடிந்து போனால் என்ன கிடைக்கும் என்று எழுதிய தாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். கிரிக்கும் 1945-ல் கார்டிஃப் கிழக்கில் தோற்றார்.

நன்றி விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் நன்றி சொல்லாமல் இல்லை. சர்ச்சில் பிரசாரத்துக்குப் போன இடமெல்லாம் சாலையில் ஜனத்திரள், கைதட்டல், கண்ணீர். வால்தம்ஸ்டோ நாய்ப் பந்தய மைதானத்தில் மட்டும் கூச்சல் போட்டு ஒரு வழி பண்ணிவிட்டார்கள். மற்றபடி கைதட்டிவிட்டுப் போய் எதிர்க்கட்சிக்குக் குத்தினார்கள். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் மாநாட்டுக் கூட்டத்தைப் பார்த்து ஓட்டுக் கணக்குப் போட்டு ஏமாந்த தலைவர்கள் எத்தனை பேர்!

சர்ச்சிலுக்கு ஓட்டு விழவில்லை என்று சொல்வதே பாதிதான் சரி. அவருடைய கட்சியைத்தான் தோற்கடித்தார்கள். 1935-க்குப் பிறகு பத்து வருஷம் பொதுத்தேர்தலே இல்லை, போருக்காக வருஷா வருஷம் நாடாளுமன்றத்தை நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். 30 வயது இளைஞன்கூட அதுவரை பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டதில்லை. போருக்கு முன்பிருந்த வேலையில்லாத் திண்டாட்டம், ஹிட்லரிடம் குழைந்தது எல்லாமே கன்சர்வேட்டிவ் கணக்கில் பற்று எழுதிக் கிடந்தது. ஓட்டுப்பெட்டி வந்ததும் வசூலித்தார்கள். அதற்கு முன்பே அறிகுறி தெரிந்தது. போர்க்காலத்தில் பெரிய கட்சிகள் இடைத்தேர்தலில் ஒருவர் மேல் ஒருவர் நிற்பதில்லை என்று ஒப்பந்தம், அப்படியிருந்தும் காமன்வெல்த் என்ற புதுக்குட்டிக் கட்சி ஸ்கிப்டனிலும், 1945 ஏப்ரலில் செம்ஸ்ஃபோர்டிலும் கன்சர்வேட்டிவைத் தூக்கியது. கேலப் கருத்துக்கணிப்பு 1943 முதலே லேபர் முன்னால் என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் நம்பவில்லை, அந்தக் காலத்தில் கருத்துக்கணிப்பு என்றால் ஜோசியம் மாதிரி.

இன்னொன்று. போர்க்காலத்தில் உள்நாட்டை நடத்தியது யார்? சர்ச்சில் போரைப் பார்த்துக்கொண்டார். உள்நாட்டு வேலையில் பெரும்பங்கு கூட்டணியில் இருந்த லேபர் மந்திரிகள் தலையில். ஆள் பலம் பெவினிடம், உள்துறை மாரிசனிடம், எல்லாவற்றையும் கூட்டிக் கட்டியது துணைப் பிரதமர் அட்லி. கல்யாணத்தில் மாலை வாங்கியவர் ஒருவர், அடுப்படியில் நின்றவர்கள் வேறு. வீட்டுக்குள் இரும்பு மேஜை ஒன்று வைத்து, ராத்திரி குடும்பமே அதன் அடியில் கம்பி வலைக்குள் படுத்துத் தூங்குவார்களே, அந்த மேஜைக்குப் பெயரே மாரிசன் தங்குமிடம். லேபர் வந்தால் நாடு குட்டிச்சுவர் ஆகும் என்று சொன்னால், அந்த மேஜைக்கு அடியில் உயிர் பிழைத்தவன் நம்புவானா?

அதைத்தான் சர்ச்சில் சொன்னார், அதுவும் ரொம்ப மோசமான வார்த்தையில். ஜூன் 4 வானொலிப் பேச்சில், சோஷலிச ஆட்சி நடக்க ஏதாவது ஒரு கெஸ்டபோ, அதாவது ஹிட்லரின் ரகசியப் போலீஸ் மாதிரி ஒன்று, வேண்டியிருக்கும் என்றார். நேற்று வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போர் நடத்தியவர்களைப் பார்த்து! கிளமென்டைன் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் அட்லி அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார்: ஒன்றுபட்ட தேசத்தின் போர்த் தலைவர் சர்ச்சிலுக்கும் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் மிஸ்டர் சர்ச்சிலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவரே காட்ட விரும்பியிருக்கிறார், நேற்று கேட்ட குரல் சர்ச்சிலுடையது, மூளை பத்திரிகை முதலாளி பீவர்புரூக் பிரபுவுடையது என்றார். சாதுவான மனுஷன் என்று நினைத்தவர்கள் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.


மேலமாசிவீதி:

ஆஹா, அந்தக் கழித்தல் கணக்கு போதும், இன்றைக்கு ராத்திரியே குழுவில் போடுகிறேன். 17 லட்சம் போனாலும் லேபர் ஜெயிக்கும் என்பது எனக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு கேள்வி. கன்சர்வேட்டிவ் பெருந்தலைகள் யார் யார் தோற்றார்கள்? அப்புறம் இந்தியாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. நம் ஆட்கள் துள்ளிக் குதித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், சரியா?


பழைய பேப்பர்:

பெருந்தலைகள் பட்டியல் நீளம். பின்னாளில் பிரதமரான ஹரால்டு மேக்மில்லன் ஸ்டாக்டனில் காலி. சர்ச்சிலின் வலது கை பிரெண்டன் பிராக்கன் காலி. மகன் ராண்டால்ஃப், மருமகன் டங்கன் சாண்டிஸ் இருவரும் காலி. சர்ச்சில் நின்ற வுட்ஃபோர்டில் லேபரும் லிபரலும் மரியாதைக்காக ஆள் நிறுத்தவில்லை, அப்படியும் யாரோ ஒரு சுயேச்சை விவசாயி வந்து நின்று 10,000-க்கு மேல் ஓட்டு வாங்கினார். அந்த விவசாயிக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் அவர் கொள்கையைப் படித்துவிட்டா போட்டிருப்பார்கள்?

இந்தியாவுக்கு முக்கியமான தோல்வி பர்மிங்ஹாம் ஸ்பார்க்புரூக்கில். இந்திய விவகார மந்திரி லியோ அமெரி அங்கே லேபரிடம் தோற்றார். இந்த அமெரிதான் 1940 மே மாதம் சேம்பர்லினைப் பார்த்து கடவுளின் பெயரால் போய்விடு என்று சபையில் முழங்கி, சர்ச்சில் வர வழி செய்தவர். 1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள், அப்போது தானியக் கப்பல் கேட்டு மந்திரிசபையில் சர்ச்சிலோடு மல்லுக்கட்டியவரும் அவரே. ஆனால் ஊர் பார்வையில் அவர்தான் அந்தத் துறை. வங்காளத் தகப்பனுக்குப் பிறந்த ரஜனி பாமி தத் கம்யூனிஸ்ட் வேட்பாளராக அவரை எதிர்த்து அங்கேயே நின்றார், இந்தியாவை முன்வைத்தே பிரசாரம். 2,000 ஓட்டுக்கூட வரவில்லை. பர்மிங்ஹாம்காரனுக்கு வீடு வேண்டும், இந்தியா அவனுக்கு எங்கேயோ இருந்த விஷயம்.

துள்ளிக் குதித்தார்களா என்றால், கொஞ்சம் கவனமாகத்தான் இருந்தார்கள். இந்தியத் தலைவர்களோடு பேச வைஸ்ராய் கூட்டிய சிம்லா மாநாடு ஜூன் 25-ல் தொடங்கி ஜூலை 14-ல் முறிந்தது. அதற்காக ஜூன் 15-ல்தான் காங்கிரஸ் தலைவர்களைச் சிறையிலிருந்து விட்டிருந்தார்கள். மாகாணங்களின் முன்னாள் முதல்வர்களை அழைத்ததால் ராஜாஜியும் சிம்லா போயிருந்தார். மாநாடு முறிந்த பன்னிரண்டாம் நாள் லண்டனில் ஆட்சியே போய்விட்டது. காங்கிரஸ் தலைவர் ஆசாத் அட்லிக்கும் இன்னொரு லேபர் தலைவரான கிரிப்ஸுக்கும் வாழ்த்துத் தந்தி அடித்தார். ஆனால் அட்லி யார்? 1928-ல் நாமெல்லாம் “சைமனே திரும்பிப் போ” என்று கறுப்புக்கொடி காட்டினோமே, அந்தக் குழுவில் ஒருவர். நம்பிக்கை வந்தாலும் முழுசாக வராது.

நடந்ததும் அப்படித்தான். ஆகஸ்ட் 21-ல் இந்தியாவில் தேர்தல் என்று அறிவித்தார்கள், நல்லது. அதே லேபர் ஆட்சியில்தான் செங்கோட்டையில் நேதாஜியின் ஐஎன்ஏ படை அதிகாரிகள் மேல் வழக்கு நடந்தது. அதே ஆட்சிதான் இந்தியச் சிப்பாய்களை சுரபயாவுக்கு அனுப்பி இந்தோனேசிய விடுதலைக்காரர்களோடு சண்டை போடவைத்தது. சர்ச்சில் போனதால் விடுதலை வந்தது என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.


கிள்ளான்வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். போர் முடியவில்லை என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அப்போது எங்கள் ஆட்கள் இருந்தார்கள், அதனால் இரண்டு வார்த்தை.

1945 ஜூலையில் மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி. வெளிநாட்டு வானொலி கேட்டால் ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பித்தாய் பிடித்துப்போய் அடித்தே கொல்லும். லண்டனில் யார் தோற்றார், யார் ஜெயித்தார் என்று தோட்டத்து ஜனங்களுக்கு எங்கே தெரியும்? சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போனவர்களில் பத்தாயிரக்கணக்கில் தமிழர்கள் செத்திருந்தார்கள். போனவர் திரும்பி வருவாரா என்று லயத்து வாசலைப் பார்த்துக் காத்திருந்த வீடுகள்தான் எங்கும். மரவள்ளிக்கிழங்கு கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். எங்கள் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது சர்ச்சில் பெயரும் வராது, அட்லி பெயரும் வராது, அரிசி விலை மட்டும் வரும்.

பெஞ்ச் அண்ணன் சூதாட்டம் என்கிறார். மலாயாவை மீட்கும் படையெடுப்பு செப்டம்பருக்கென்று திட்டம் போட்டாகிவிட்டது, மவுன்ட்பேட்டன் தலைமையில் படை தயாராகிக்கொண்டிருந்தது. லண்டனில் ஆள் மாறியதால் ஒரு கப்பல்கூட நிற்கவில்லை. சொல்லப்போனால் அந்தப் படையைக் கலைத்தது தேர்தலுக்கு முந்தைய வேலை. ஜூன் மாதம் கிரிக் ஒரு அறிவிப்பு செய்தார், கிழக்கே இருக்கும் பிரிட்டிஷ் சிப்பாய் ஊர் திரும்பும் காலத்தை 3 வருஷம் 8 மாதத்திலிருந்து 3 வருஷம் 4 மாதமாகக் குறைத்து. சிப்பாய்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அனுபவசாலிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கழன்றுகொண்டால் படையெடுப்பை யாரை வைத்து நடத்துவது? ஓட்டுக்காகச் செய்தார்கள் என்று அப்போதே முணுமுணுப்பு. போர்க்காலத்தில் ஆளும் கட்சியை மாற்றினால்தான் ஆபத்து என்பவர்கள், ஆளும் கட்சி ஓட்டுக்குப் பயந்து செய்யும் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.


டீக்கடை பெஞ்ச்:

கிள்ளான் தம்பி, அந்த 3 வருஷம் 4 மாதம் விஷயம் நல்ல அடி, எடுத்துக்கொள்கிறேன். கழித்தல் கணக்கும் சரி. ஆனாலும் ஜப்பான் போரை முடிக்காமல் போனது அவர் மனசில் முள்ளாக இருந்ததா இல்லையா? கன்சர்வேட்டிவ் சுவரொட்டியே “அவர் வேலையை முடிக்க உதவுங்கள்” என்றுதானே?


பழைய பேப்பர்:

இருந்தது. ராஜினாமா செய்த அன்று விட்ட அறிக்கையிலேயே அதைச் சொன்னார், ஜப்பானுக்கு எதிரான வேலையை முடிக்க எனக்கு அனுமதி கிடைக்காதது வருத்தம் என்று. ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள். அதற்கான ஏற்பாடுகள் எல்லாம் செய்தாகிவிட்டது, நாம் எதிர்பார்த்ததைவிட சீக்கிரமாகவே பலன் வரலாம் என்கிறார். ஜூலை 16-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதனைக் குண்டு வெடித்தது அவருக்குத் தெரியும். அந்தக் குண்டை ஜப்பான் மேல் போட பிரிட்டனின் சம்மதம் வாஷிங்டனில் பதிவானது ஜூலை 4-ல், அதாவது வாக்குப்பதிவுக்கு முந்தின நாள். மறுநாள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஜப்பான் சரணடைய வேண்டும் என்ற போட்ஸ்டாம் பிரகடனம் வெளிவந்ததும் அதே ஜூலை 26. அதில் சர்ச்சில் பெயர் இருக்கிறது. பெயர் உலகத்துக்குப் போய்ச் சேரும்போது மனுஷன் பதவியில் இல்லை.

சுவரொட்டி என்றதும் டெய்லி மிரர் பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரம் ஒன்று ஞாபகம் வருகிறது. தலையிலும் கையிலும் கட்டுப் போட்ட சிப்பாய் இடிபாடுகளைத் தாண்டி வந்து, ஐரோப்பாவின் வெற்றியும் சமாதானமும் என்று எழுதிய மாலையை நீட்டி, “இந்தாங்க, மறுபடி தொலைச்சுடாதீங்க” என்கிறான். மே 8-ல் ஒரு தடவை போட்டார்கள், வாக்குப்பதிவு நாளன்று முதல் பக்கத்தில் மறுபடி போட்டார்கள். லேபரை ஆதரியுங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் அந்தப் படம் செய்த வேலையைச் செய்திருக்காது. 1918-ல் அப்படித் தொலைத்தவர்கள் யார் என்று அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் இருப்பார்கள்.


மேலமாசிவீதி:

கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டேன். மாமா ஒரு மணி நேரம் பதில் போடவில்லை. அப்புறம் “ஜெயித்தவன் கட்சிக்குள்ளேயே அன்றைக்கு அடிதடியாமே, அதையும் சொல்லு” என்று போட்டிருக்கிறார். இது என்ன புதுக் கதை?


கணக்குப்பிள்ளை:

மாமா விவரமானவர்தான். அன்று மதியமே ஹெர்பர்ட் மாரிசன், கட்சி எம்பிக்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வரை அட்லி அரண்மனைக்குப் போகக் கூடாது என்று கிளப்பினார், தானே தலைவராகலாம் என்ற ஆசைதான். அவர் தொலைபேசி பேச எழுந்து போன நேரத்தில் பெவின், “கிளெம், நேரே அரண்மனைக்குப் போ” என்றார். அட்லி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். மாரிசனுக்குச் செய்தி கிடைத்தபோது ஆட்சி அமைந்துவிட்டது.

மாமாவுக்கு இன்னும் ஒரு கணக்கு வேண்டுமென்றால் கொடுங்கள். 1945-ல் லேபர் வாங்கியது 48 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, இடமோ 640-ல் 393. அதே மக்கள் 1946-ல் ரொட்டிக்கே ரேஷன் வாங்கி நின்றார்கள், போரில்கூட ரொட்டிக்கு ரேஷன் இல்லை. 1950-ல் லேபரின் பெரும்பான்மை வெறும் 5. 1951-ல் சர்ச்சில் 321 இடத்தோடு திரும்பி வந்தார், ஆனால் ஓட்டு எண்ணிக்கையில் லேபர்தான் அதிகம், சுமார் 1 கோடியே 39 லட்சத்துக்கு எதிராக 1 கோடியே 37 லட்சம். நன்றிகெட்ட ஜனம்தான் என்றால், 1951-ல் அவரைக் கொண்டுவந்தது நன்றியா, தொகுதிப் பிரிப்பா என்று மாமாவையே கேளுங்கள்.